பூடகக் குறுக்கெழுத்து: விடை காண்பதும் விளக்கம் சொல்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரணக் குறுக்கெழுத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

சாதாரணக் கட்டத்தில் 'அம்பு (2)' என்று மட்டும் கொடுத்திருப்பார்கள். கணை, கோல், வாளி மூன்றுமே பொருந்தும். எது சரி என்பதைக் குறுக்கே ஓடும் சொல்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

பூடகக் குறிப்பு, அதாவது கிரிப்டிக் குறிப்பு, இப்படி இருக்கும்: 'இதயமில்லாத கருணை ஓர் அம்பு (2)'. 'கருணை' என்ற சொல்லின் நடுவெழுத்து ரு. அதை எடுத்துவிட்டால் கணை. கோலும் வாளியும் இப்போது நெருங்கவே முடியாது. விடை ஒன்றுதான், அதற்கான சான்றும் குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. பார்க்கக் கடினமாகத் தெரிந்தாலும் பூடகக் குறிப்பு சாதாரணக் குறிப்பைவிட நேர்மையானது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம்.

ஒரு குறிப்புக்குள் என்னென்ன இருக்கும்?

விடைக்கு நேரான பொருள் ஒன்று. அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டிக் காட்டும் சொல்விளையாட்டு ஒன்று. இந்தப் பக்கத்தில் முதலாவதை 'நேர்பொருள்' என்றும் இரண்டாவதைக் 'கட்டுமானம்' என்றும் சொல்கிறேன். கட்டுமானத்தில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் சொல் 'சைகை'. மேலே பார்த்த குறிப்பில் 'இதயமில்லாத' என்பது சைகை, 'அம்பு' நேர்பொருள்.

நேர்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் ஒருபோதும் இருக்காது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி மிரட்சி போய்விடும்.

முதல் முறை பார்க்கும்போது எங்கே தொடங்குவது?

குறிப்பு சொல்லும் கதையை நம்பாமல் இருப்பதில் தொடங்குங்கள். ஒரு குறிப்பை மெதுவாக உடைத்துப் பார்ப்போம்.

'பணம் சூழ்ந்த வட்டத்தின் மையம், நகரம் (5)'

படித்தவுடன் வங்கிகளும் கடைகளும் நிறைந்த ஒரு நகரின் நடுப்பகுதி கண்ணுக்கு வரும். வரட்டும், அதை ஒதுக்கி வையுங்கள். நேர்பொருள் ஓரத்தில் இருக்கும் என்றால் அது 'பணம்' அல்லது 'நகரம்'. ஐந்தெழுத்தில் பணத்துக்கு ஒரு சொல்லைத் தேடினால் மீதி வாக்கியம் எதற்கும் உதவாமல் நிற்கிறது. நகரம் என்று வைத்தால் 'சூழ்ந்த' என்பது சைகையாகிறது: ஒன்று மற்றொன்றைச் சுற்றி நிற்கிறது. பணம் வெளியே, வட்டத்தின் மையம் உள்ளே. வட்டம் என்ற சொல்லில் வ, ட், ட, ம் என நான்கு எழுத்துகள், மையம் 'ட்ட'. ப(ட்ட)ணம். பட்டணம்.

இதில் 'வட்டம்' என்பது வடிவமல்ல, நான்கு எழுத்து. 'பணம்' கையிலிருக்கும் காசல்ல, மூன்று எழுத்து. சொல்லைப் பொருளாகப் பார்ப்பதிலிருந்து எழுத்தாகப் பார்ப்பதற்கு மாறும் அந்த நொடிக்காகத்தான் இந்த விளையாட்டே.

இந்த விதிகளை யார் வகுத்தார்கள்?

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டம்தான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம். அதில் பூடகம் இல்லை. இங்கிலாந்துக்குப் போனபின் 1920களில் குறிப்புகள் திருகத் தொடங்கின. டார்க்கமாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் அப்சர்வர் இதழில் திருகலை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவர் 1939இல் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்த டெரிக் மக்நட், புனைபெயர் சிமெனிஸ், ஒழுங்கைக் கொண்டுவந்தார்: நேர்பொருள் துல்லியமாக இருக்கவேண்டும், கட்டுமானம் நியாயமாக இருக்கவேண்டும், இரண்டுக்கும் வேலையில்லாத சொல் எதுவும் இருக்கக்கூடாது. அதே காலத்தில் அஃப்ரிட் என்ற புனைபெயரில் எழுதிய மற்றொருவர் இதையே சுருக்கமாகச் சொன்னார். அதன் சாரம்: மேலே பேசுவது உன் கருத்தாக இருக்கவேண்டாம், ஆனால் உன் கருத்து நீ எழுதிய சொற்களுக்குள் இருந்தே ஆகவேண்டும்.

எல்லாரும் இதை அப்படியே ஏற்பதில்லை. கொஞ்சம் தளர்த்தி எழுதிப் புகழ்பெற்றவர்களும் உண்டு. தொடங்குபவருக்கு மட்டும் கறாரான ஆசிரியரே நல்லது.

இது ஆங்கிலச் சரக்கு. தமிழுக்கு ஒட்டுமா?

கட்டம்தான் வெளியிலிருந்து வந்தது. கம்பர் ஒரு விடுகதையை 'அடீ' போட்டுக் கேட்க, ஔவை 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்கித் திருப்பிக் கொடுத்தார் என்றொரு தனிப்பாடல் கதை உண்டு. தமிழெண்ணில் எட்டு 'அ', கால் 'வ'. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். 'எமனேறும் பரி' எருமை. 'கூரையில்லா வீடு' குட்டிச்சுவர். சைகை, எழுத்து மாற்று, சுற்றிவளைத்த நேர்பொருள் எல்லாமே அந்தப் பாட்டில் இருக்கின்றன. எண்ணிக்கையை அடைப்புக்குள் போடவில்லை, அவ்வளவுதான்.

தண்டியலங்காரம் சொல்லணியில் சொல்லும் வகைகளையும் பாருங்கள். சில கேள்விகளின் விடைகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு சொல் வருவது வினாவுத்தரம். துண்டுகளை ஒட்டிக் கட்டும் குறிப்பு அதேதான். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிப்பது கரந்துறைச் செய்யுள். எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுச்சொல் காண்பது அக்கரச் சுதகம், கூட்டிக் காண்பது எழுத்து வருத்தனம். திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சிலேடைக்குக் காளமேகம். நம்மிடம் இல்லாத சரக்கு ஒன்றும் இதில் இல்லை.

கட்டுமான வகைகளை எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

எழுத்துக்கலைப்பு: 'தகவு குலைந்து வாசலில் நிற்பது (3)'. 'குலைந்து' சைகை. தகவு கலைந்தால் கதவு. குழம்பி, உடைந்து, ஆடி, கெட்டு, சிதறி, புதிதாய், கலவரமாய் என்று ஒழுங்கு கெடுவதைச் சொல்லும் எந்தச் சொல்லும் இங்கே சைகையாகலாம். கலைக்கவேண்டிய எழுத்துகள் குறிப்பில் கண்ணெதிரே இருக்கவேண்டும். 'ஊர்' என்று எழுதிவிட்டு, அதை நகரம் என்று நாமே மாற்றி, பிறகு கலைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அடாவடி.

ஒளிப்பு: 'கம்பர் வதம் பாடியதில் ஒளிந்த மலை (5)'. கம்[பர் வதம்] என்பதற்குள் பர்வதம். தொடங்குபவர்கள் முதலில் தேடவேண்டியது இந்த வகையைத்தான். விடை கண்முன்னே அப்படியே கிடக்கும்.

திருப்பம்: 'சிவா திரும்பி வந்து படி (2)'. சிவா திரும்பினால் வாசி. 'படி' நேர்பொருள். மூச்சுப்பயிற்சி பற்றிப் பேசும் சித்தர் மரபில் இந்தத் திருப்பம் பழையது. புதிர் போடுபவர்கள் பின்னால்தான் வந்தார்கள்.

ஒட்டு: 'எழுத உதவுவது, நிறையக் கரம் (3)'. பல + கை = பலகை. 'கடைசி ஸ்வரத்தில் கொடை தரும் பதறாமை (4)' என்பதும் இதே வகை. நி + தானம் = நிதானம். ஏழு ஸ்வரங்களும் ஓரெழுத்துத் துண்டுகளாகப் பயன்படும். அதனால் குறிப்பில் சங்கீதம் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

தலைவெட்டு: 'தொடங்காத நோன்புக்கு ஒரு தேர் (3)'. விரதம் தலையிழந்தால் ரதம்.

முதலெழுத்துக் கோவை: 'மாலையில் தவித்து விம்மியவள், முதலெழுத்தளவில் (3)'. மா, த, வி. இந்த வகை தமிழில் அரிது. சொல்லின் முதலில் மெய் வராது, ஆகவே உள்ளே புள்ளி எழுத்து இருக்கும் எந்த விடையையும் இப்படிக் கட்ட முடியாது.

இரட்டைப் பொருள்: 'ஞாயிறு போனதும் வருவது நிலா (4)'. ஞாயிற்றுக்கிழமை போனதும் வருவது திங்கள், நிலாவும் திங்கள். இங்கே சைகையே கிடையாது. குறிப்பு மிகச் சிறியதாக இருந்தால் இந்த வகையோ என்று பாருங்கள்.

கடைசியாக, அரிதான ஒன்று. 'குழம்பிப்போன நகரம்! (4)'. நகரம் குழம்பினால் நரகம். நேர்பொருள் எங்கே என்று தேடாதீர்கள், குறிப்பு முழுவதுமே நேர்பொருள். ஆச்சரியக்குறி அதற்கான அடையாளம். ஒழுங்காக அமைந்த இப்படி ஒரு குறிப்பு பத்துச் சாமர்த்தியக் குறிப்புகளுக்குச் சமம் என்பது என் கட்சி.

தமிழில் மட்டுமே முடிகிற வித்தை ஏதாவது உண்டா?

உண்டு, நிறைய. நம் எழுத்துகளுக்கே கால், கொம்பு, புள்ளி என்று உறுப்புகள் இருக்கின்றன.

'கால் வாங்கிய படம், வகுப்பில் நடப்பது (3)'

படம் என்பதன் முதலெழுத்துக்குத் துணைக்கால் போட்டால் பாடம். கால் கிடைத்தபின் நடக்கத்தானே வேண்டும்! நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் காணும் மாத்திரைச் சுருக்கமும் சித்திரகவியில் ஒரு வகை, இது அதன் மறுபக்கம்.

'கால்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடலுறுப்பு, காற்று, நான்கில் ஒரு பங்கு, அந்தப் பங்குக்கான குறியீடாகிய வ, துணைக்கால் என்று ஐந்து வேடம் போடும். எண்களும் அப்படித்தான்: ஒன்று க, இரண்டு உ, நான்கு ச, ஏழு எ, எட்டு அ, பத்து ய. 'சபைக்கு எட்டு வை (2)' என்றால் அ + வை, அவை. மேலே படிக்கும்போது சபையை நோக்கி நடக்கச் சொல்வதுபோல் இருக்கிறது, இல்லையா?

இன்னொரு வசதி, தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. மணி, மதி, அரசு, செல்வம் போன்றவை ஆளா பொருளா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறிப்பு எழுதுபவர் இதைத் தாராளமாகப் பயன்படுத்துவார்.

வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதை என்ன செய்வது?

கழற்றிவிடுங்கள். 'சபைக்கு' என்பதில் 'க்கு' வெறும் இணைப்பு. 'நோன்புக்கு', 'வட்டத்தின்' எல்லாம் அப்படியே. வல்லினம் மிகுந்து வரும் ஒற்றும் இணைப்புதான். 'நிறையக் கரம்' என்பதில் உள்ள க் கணக்கில் சேராது. ஆனால் ஒளிப்பு வகையில் எதையும் கழற்றக்கூடாது, அங்கே எழுத்து அடுத்தடுத்து இருந்தபடியே இருக்கவேண்டும்.

துண்டுகளை ஒட்டும்போது புணர்ச்சி விதி உண்டா?

மெய்யின்மேல் உயிர் ஏறுவது எல்லாருக்கும் சம்மதம். 'கொட்டுவது மது, கொடு (2)': மது தேன், கொடு என்றால் ஈ, சேர்ந்தால் தேனீ. ஒற்று மிகுவதும் திரிவதும் கெடுவதும் சண்டைக்குரிய இடம். சைகையில்லாமல் அவற்றைச் செய்யக்கூடாது என்பது என் நிலைப்பாடு. இலக்கணம் அனுமதிக்கிறது என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஆனால் விடை காண்பவர் எழுத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார், நன்னூல் ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை.

ஒலி ஒற்றுமையை வைத்துக் குறிப்பு எழுதலாமா?

'தருமம் காதில் விழ, இரும்பைத் தேய்ப்பது (3)'. அறம் என்று கேட்கிறது, எழுதுவது அரம். ர, ற இரண்டையும் பலர் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறார்கள், அதனால் இது ஓடும். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கினால் கடிதம் வரும். அந்தக் கடிதம் நியாயமானதுதான்.

குறுக்கே வரும் ஒரு எழுத்து தெரிந்தால் எவ்வளவு உதவும்?

நிறைய. 247 எழுத்துகளில் ஒன்று தெரிகிறது என்றால் பெரிய செய்தி. கட்டத்தில் க் விழுந்தால் அடுத்தது க வரிசை எழுத்து. ச், த், ப் மூன்றும் அப்படியே (சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு). ங் வந்தால் பின்னால் பெரும்பாலும் க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை. முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து வராது. கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் வராது. ம், ன், ல், ள், ர் என்று முயன்று பாருங்கள். எதுவுமே தெரியாத நிலையிலும் கடைசியில் பென்சிலால் ஒரு ம் போட்டு வைப்பது மோசமான பந்தயம் அல்ல.

விடை கிடைத்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. போதாதா?

கட்டம் நிரம்பும். குறிப்பு தீரவில்லை.

நேர்பொருளிலிருந்து ஊகித்து, குறுக்கெழுத்துகளும் பொருந்தினால், பெரும்பாலும் விடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் 'அம்பு' என்பதற்கு 'கோல்' என்று போட்டுவிட்டு அடுத்த மூன்று விடைகளைக் கெடுத்துக்கொள்வதும் இப்படித்தான் நடக்கிறது. குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல முடிந்தால்தான் அது விடை, அதுவரை ஊகம். ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.

விளக்கம் எழுதுவது எப்படி?

மூன்று செய்தி வேண்டும்: நேர்பொருள் எது, துண்டுகள் எவை, எந்தச் சைகை அவற்றை என்ன செய்தது. நேர்பொருளுக்கு அடிக்கோடு போடுவது வழக்கம். ஒட்டுக்குக் கூட்டல் குறி, சூழ்தலுக்கு அடைப்பு, நீக்கத்துக்குக் கழித்தல் குறி. 'கருணை – ரு' என்று எழுதிவிட்டால் வேறு விளக்கமே தேவையில்லை.

விளக்கத்தில் நான் பார்க்கும் பெரிய குறை, எளிய பகுதியை விரித்துச் சொல்லிவிட்டுத் திருகலான இடத்தில் 'மற்றது வெளிப்படை' என்று நழுவுவது. படிப்பவர் கேட்க வந்ததே அந்த இடத்தைத்தான். 'வாளி' என்றால் ஏன் அம்பு, 'எட்டு' ஏன் அ என்று ஒரு வரி சேர்த்தால் அவர் அடுத்த புதிரில் தானே நடப்பார். விளக்க முடியாத சொல் மிஞ்சினால் அதையும் வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். 'ஓர்' போன்ற இணைப்பென்றால் சரி. அப்படியில்லை என்றால் ஒன்று குறிப்பு பழுது, அல்லது உங்கள் விடை தவறு.

விடையை உடைக்காமல் ஒருவருக்குத் துப்புக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், படிப்படியாக. முதலில் நேர்பொருள் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பலருக்கு அதுவே போதும். பிறகு வகை. அதன்பின்தான் ஒரு துண்டு. முதலெழுத்தைச் சொல்வது மிக மோசமான துப்பு; விடை வந்துவிடும், வழி வராது.

அகராதி, கைப்பேசி பார்க்கலாமா?

உங்கள் வீட்டுப் புதிர், உங்கள் விதி. அகராதியைவிட நிகண்டு இதற்குப் பொருத்தம். திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாவற்றிலும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் தரும் தொகுதி உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் தேடக் கிடைக்கிறது. ஊகித்த சொல் உண்மையில் உண்டா என்று சரிபார்க்க அதைத் திறங்கள். எழுத்துக்கலைப்பை நிரலியிடம் கொடுப்பது வேறு விஷயம். அதற்கு விடைப்பக்கத்தையே பார்த்துவிடலாம்.

பயிற்சிக்கு ஒன்று தாருங்கள்.

'வீடும் விடிவின் தொடக்கமும் இல்லாள் (3)'

தானே முயல்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம்: நேர்பொருள் கடைசிச் சொல். வீடு என்பதற்கு மனை, 'விடிவு' என்பதன் தொடக்க எழுத்து வி, இரண்டு 'உம்'களும் சேர்க்கச் சொல்லும் சைகை. மனை + வி. 'எதுவும் இல்லாதவள்' என்று படித்துப் பரிதாபப்பட்டிருந்தால் குறிப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. இங்கே இல்லாள் இல்லத்துக்கு உரியவள்.